எந்தக் கார் கம்பெனியின் சைபர் ஆபத்து பெரிது? சப்ளையர் பக்கத்திலிருந்து ஒரு கேள்வி

அம்பத்தூர் பாரி:

வணக்கம். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பிளாஸ்டிக் மோல்டிங் யூனிட்டில் பிளானிங் பார்க்கிறேன். 11 மெஷின் ஓடுகிறது. டோர் டிரிம் கிளிப், வயரிங் கவர், ஏசி வென்ட் என்று சின்னப் பாகங்கள்தான். அடுத்த மாதம் ஒரு 450 டன் மெஷின் வருகிறது. அதன் கெபாசிட்டியை இரண்டு கார் கம்பெனிகள் கேட்கின்றன, ஒருவருக்குத்தான் கொடுக்க முடியும். விலையில் பெரிய வித்தியாசம் இல்லை.

சைபர் தாக்குதலில் ஜாகுவார் லேண்ட் ரோவர் (ஜேஎல்ஆர்) ஆலைகள் நின்ற விஷயத்தைப் பேப்பரில் படித்ததிலிருந்து எங்கள் முதலாளி ஒன்றையே கேட்டுக்கொண்டிருக்கிறார். “ரெண்டு பேர்ல எவன் சிஸ்டம் படுத்தா நமக்கு அதிக நாள் அடி விழும்?” வழக்கமாகக் கஸ்டமர்கள்தான் 140 கேள்வி கொண்ட எக்செல் ஷீட்டை அனுப்பி எங்களை அளப்பார்கள். நாங்கள் கஸ்டமரை அளக்க வேண்டி வந்தது இதுதான் முதல் தடவை. இதற்கென்று மதிப்பெண் கொடுக்கும் கம்பெனிகள் இருக்கின்றனவாமே? காசு கட்டி அந்த ரிப்போர்ட்டை வாங்கினால் போதுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

நிலா:

பாரி சார், நான் ஒரு வங்கியில் வெண்டர் ரிஸ்க் பிரிவில் இருக்கிறேன். அந்த ரிப்போர்ட்டுகளைத்தான் தினமும் பார்க்கிறேன். மதிப்பெண் கொடுக்கிற கம்பெனி பிட்சைட் என்றால் 250க்கும் 900க்கும் நடுவில் ஒரு எண் வரும். செக்யூரிட்டி ஸ்கோர்கார்டு என்றால் ஏ, பி என்று கிரேடு வரும். இவர்கள் கம்பெனிக்குள் போய்ப் பார்த்துப் போடும் மதிப்பெண் இல்லை இது. இணையத்திலிருந்து என்ன தெரிகிறதோ அதை வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். எந்த போர்ட் திறந்து கிடக்கிறது, எந்த சர்வரில் பழைய மென்பொருள் ஓடுகிறது, சான்றிதழ் காலாவதி ஆகிவிட்டதா, அந்தக் கம்பெனியின் முகவரியிலிருந்து மால்வேர் போக்குவரத்து கிளம்புகிறதா, இவைதான். தெருவில் நின்று ஒரு வீட்டை நோட்டம் விடுவது போல. ஜன்னல் உடைந்திருந்தால் தெரியும். பீரோ சாவி எந்த ஆணியில் தொங்குகிறது என்று தெரியாது.

கார் கம்பெனிகளில் இன்னொரு தொல்லையும் உண்டு. ஏதோ ஒரு மாடல் வெளியீட்டுக்காக எப்போதோ போட்ட விளம்பரத் தளத்தை யாரும் எடுத்திருக்க மாட்டார்கள், அது மதிப்பெண்ணைக் குறைக்கும். டீலர்களின் தளம் சில சமயம் கம்பெனி கணக்கில் சேர்ந்துவிடும். ஆனால் பெயின்ட் ஷாப்பில் ரோபோவை ஓட்டும் பிசி வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது, உங்களுக்கு முக்கியமானது அதுதான். 780 வாங்கியவர் 720 வாங்கியவரைவிடப் பத்திரம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நான் அந்த ரிப்போர்ட்டில் முதலில் தேடுவது ஒன்றுதான். ஒரு ஓட்டை வெளியே தெரிந்த பிறகு அடைக்க இவர்களுக்கு எத்தனை நாள் ஆகிறது, ஒரு வருஷத்தில் அந்த நாட்கள் குறைந்தனவா, கூடினவா. கம்பெனியின் பழக்கம் அதில் தெரியும்.

சுந்தர்_78:

இவ்வளவு சுற்றுவானேன்? யாருக்கு எத்தனை தடவை அடி விழுந்தது என்று எண்ணினால் போதுமே. டொயோட்டா பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. 2022இல் ஜப்பானில் 14 ஆலைகள் நின்றன. 2023இல், 21.5 லட்சம் வாடிக்கையாளர்களின் வண்டி எங்கெங்கே போனது என்ற விவரம் ஏறக்குறைய 10 வருஷமாகக் கிளவுடில் திறந்து கிடந்தது என்று அவர்களே அறிவித்தார்கள். நான் பங்கு வாங்கும்போது இப்படித்தான் பார்ப்பேன். பெயர் அடிபடாத கம்பெனி பத்திரம்.

நிலா:

சுந்தர் சார், “அவர்களே அறிவித்தார்கள்” என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதுதான் என் தயக்கம். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால், தேடிப் பார்த்துத் தப்பை ஒப்புக்கொள்கிற கம்பெனிக்குத்தான் கெட்ட பெயர் வரும். டொயோட்டா குழுமம் வருஷத்துக்கு ஒரு கோடி வண்டிக்கு மேல் விற்கிறது. அவ்வளவு பெரிய இடத்தில் சம்பவம் அதிகம் இருக்கத்தான் செய்யும்.

சட்டமும் ஊருக்கு ஊர் வேறு. ஃபோர்டு, ஜிஎம், டெஸ்லா போன்றவர்கள் 2023 டிசம்பரிலிருந்து, ஒரு தாக்குதல் முதலீட்டாளர்களைப் பாதிக்கும் அளவுக்குப் பெரியது என்று முடிவு செய்த 4 வேலை நாளுக்குள் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையத்துக்கு எழுதியாக வேண்டும். அது யார் வேண்டுமானாலும் படிக்கக்கூடிய ஆவணம். இந்தியாவில் 2022இல் வந்த விதிப்படி 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன் என்ற அரசு சைபர் பாதுகாப்பு அமைப்புக்குச் சொல்ல வேண்டும். ஆனால் அது அரசுக்குப் போகிற தகவல், நம் கண்ணில் படாது. பெயர் அடிபடாத கம்பெனி பத்திரமாகவும் இருக்கலாம், வாய் திறக்காததாகவும் இருக்கலாம். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

கோவென்ட்ரி குமரன்:

நான் கார் துறையில் இல்லை, ஆனால் ஜேஎல்ஆர் ஆலைகள் இருக்கும் பக்கத்தில் குடியிருக்கிறேன். பாரி அண்ணன் கேட்டதற்கு உதவும் என்று சில விவரம்.

தாக்குதல் வெளிப்பட்டது 2025 ஆகஸ்ட் 31, ஞாயிறு. பரவாமல் இருக்க கம்பெனியே தன் சிஸ்டங்களை அணைத்தது. மறுநாள் செப்டம்பர் 1. பிரிட்டனில் வருஷத்தில் இரண்டு முறைதான் புது நம்பர் பிளேட் வரிசை தொடங்கும், அதில் ஒன்று அன்று. நம் ஊரில் ஆயுத பூஜையை ஒட்டி வண்டி எடுக்கக் கூட்டம் வருமே, அந்த மாதிரி நாள். டீலர்களால் வண்டியைப் பதிவு செய்ய முடியவில்லை. சோலிஹல், ஹேல்வுட், வுல்வர்ஹாம்ப்டன், ஸ்லோவாக்கியாவில் நித்ரா எல்லாம் நின்றன. அக்டோபர் 8 வாக்கில்தான் படிப்படியாக மறுபடி ஓட ஆரம்பித்தன. இங்கே சைபர் மானிட்டரிங் சென்டர் என்ற அமைப்பு போட்ட கணக்கில், பிரிட்டனில் மட்டும் வாரத்துக்கு ஏறக்குறைய 5,000 கார் வராமல் போயிருக்கிறது. மொத்த இழப்பு 190 கோடி பவுண்டு, பாதிக்கப்பட்ட நிறுவனங்கள் 5,000க்கு மேல்.

அந்த 190 கோடியில் பாதிக்கு மேல் ஜேஎல்ஆர் தலையில்தான். ஆனால் அதற்குப் பின்னால் டாடா இருக்கிறது, பிரிட்டன் அரசு 150 கோடி பவுண்டு கடனுக்கு ஜாமீன் நின்றது. 20 பேர் வேலை பார்க்கிற பட்டறைக்கு யார் இருக்கிறார்கள்? இன்வாய்ஸ் செயலாக்கும் சிஸ்டமும் சேர்ந்து நின்றதால் ஏற்கெனவே கொடுத்த சரக்குக்கும் பணம் தேங்கியது. அந்தத் தேக்கத்தைத் தீர்க்க ஆரம்பித்தோம் என்று கம்பெனி சொன்னதே செப்டம்பர் 25இல்தான். அண்ணே, உங்கள் முதலாளி கேட்கிற கேள்வி ரொம்பச் சரியான கேள்வி. கார் ஓடாமல் நின்ற நாட்கள் ஒரு கணக்கு, காசு வராமல் நின்ற நாட்கள் இன்னொரு கணக்கு.

அம்பத்தூர் பாரி:

நன்றி குமரன் தம்பி. பணம் தனியாக நிற்கும் என்பதை நான் யோசிக்கவே இல்லை.

அப்படியானால் டொயோட்டா ஒரு நாள் நின்றது, ஜேஎல்ஆர் 5 வாரம். நின்ற நாளை வைத்தே ஒப்பிட்டுவிடலாமா?

ஹோசூர் மணி:

அவசரப்படாதீர்கள் சார். நான் 31 வருஷம் மெயின்டனன்ஸில் இருந்து ரிட்டயர் ஆனவன். இரண்டும் வேறு வேறு விஷயம்.

டொயோட்டாவில் அடி விழுந்தது டொயோட்டாவுக்கே இல்லை. கொஜிமா என்ற சப்ளையருக்கு. அவர்களும் உங்களைப் போல பிளாஸ்டிக் பாகம் செய்கிறவர்கள்தான். கொஜிமாவின் துணை நிறுவனம் ஒன்றின் ரிமோட் இணைப்புக் கருவி வழியாக உள்ளே வந்தார்கள். 2022 பிப்ரவரி 26 ராத்திரி கண்டுபிடித்து சர்வர்களை நிறுத்தினார்கள். ஆர்டர் வாங்க, அனுப்ப வழி இல்லை. மார்ச் 1 அன்று டொயோட்டா ஜப்பானில் 14 ஆலை, 28 லைன் எல்லாவற்றையும் நிறுத்தியது. ஏறக்குறைய 13,000 வண்டி போச்சு. மறுநாளே தற்காலிக நெட்வொர்க் வைத்து ஓட்டிவிட்டார்கள். ஜேஎல்ஆரில் கம்பெனியின் உள்ளேயே புகுந்துவிட்டார்கள். பக்கத்து வீட்டில் தீப்பிடித்து நம் சுவர் சூடானதும், நம் அடுப்படியே எரிந்ததும் ஒன்றாகுமா?

ஆனால் இதில் உங்களுக்கு ஒரு பாடம் இருக்கிறது. ஸ்டாக் வைக்காத கம்பெனியில் ஒரு சின்ன சப்ளையர் விழுந்தாலும் லைன் நிற்கும். அவர்கள் நின்றால் மற்ற சப்ளையர் எல்லாரும் நிற்பார்கள். அதாவது உங்கள் கஸ்டமரின் ஆபத்து கஸ்டமரோடு முடிவதில்லை. உங்களை மாதிரியே அவருக்கு இன்னும் 300 பேர் இருக்கிறார்கள் என்று வையுங்கள். அதில் யார் பலவீனமோ அவரும் உங்கள் கணக்கில் வருகிறார்.

இன்னொன்று. 2017 மே மாதம், ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வானாக்ரை வைரஸ் வந்தபோது ரெனோ-நிஸானுக்கு உலகம் பூராவும் பல ஆலைகளில் அடி, நம் ஒரகடம் ஆலையும் அதில் ஒன்று. அது புகுந்த விண்டோஸ் ஓட்டையை அடைக்க மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே பேட்ச் கொடுத்துவிட்டது. ஏன் போடவில்லை என்று ஆபீஸில் உட்கார்ந்து கேட்பது சுலபம். வெல்டிங் லைன் பிசியில் பேட்ச் போட லைனை நிறுத்த வேண்டும். மெஷின் கொடுத்த கம்பெனிக்காரன் “பேட்ச் போட்டால் வாரன்டி கிடையாது” என்பான். புரொடக்‌ஷன் மேனேஜர் “ஞாயிறு பார்க்கலாம்” என்பார். ஞாயிறு ஓவர்டைம் வந்துவிடும். நானே அப்படித் தள்ளிப்போட்டிருக்கிறேன். ஜூன் மாதம் அதே வானாக்ரை ஹோண்டாவின் சயாமா ஆலையை ஒரு நாள் நிறுத்தியது. ஊரெல்லாம் பேசி 5 வாரம் ஆன பிறகு!

அதனால் கஸ்டமர் ஆலைக்குப் போகும்போது மீட்டிங் ரூமில் இருக்காதீர்கள், லைன் பக்கம் நடந்து பாருங்கள். ஓரத்தில் இருக்கிற பிசியில் எந்த விண்டோஸ், அதன் யுஎஸ்பி ஓட்டை மூடியிருக்கிறதா என்று பாருங்கள். 10 நிமிஷ நடையில் பாதி தெரிந்துவிடும்.

கேன்பஸ் கதிர்:

எல்லாரும் ஆலையைப் பற்றியே பேசுகிறீர்கள். காரையே ஹேக் செய்கிற ஆபத்தை ஏன் விட்டுவிட்டீர்கள்? வண்டி மென்பொருள் சோதனைதான் என் வேலை. கம்பெனிகளுக்குள் வித்தியாசம் பளிச்சென்று தெரிகிற இடம் இதுதான்.

2015இல் சார்லி மில்லரும் கிறிஸ் வாலாசெக்கும் ஓடிக்கொண்டிருந்த ஜீப் செரோக்கியை வீட்டிலிருந்தே இன்டர்நெட் வழியாக நிறுத்திக் காட்டினார்கள். ஃபியட் கிரைஸ்லர் 14 லட்சம் வண்டியை ரீகால் செய்தது. சரிசெய்யும் மென்பொருளை யுஎஸ்பி டிரைவில் போட்டு உரிமையாளர்களுக்குத் தபாலில் அனுப்பினார்கள். எத்தனை பேர் அதைச் செருகியிருப்பார்கள்? அடுத்த வருஷம் சீனாவின் கீன் லேப் குழு டெஸ்லா மாடல் எஸ்ஸை தூரத்திலிருந்து பிரேக் போட வைத்தது. டெஸ்லா 10 நாளில் சரிசெய்து வயர்லெஸ் வழியாகவே வண்டிகளுக்கு அனுப்பிவிட்டது. ஓட்டை இருவருக்கும் இருந்தது. அடைத்த வேகத்தில்தான் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். சுபாரு தன் வண்டிகளை இணையத்தோடு இணைக்கும் ஸ்டார்லிங்க் தளத்தில் (செயற்கைக்கோள் ஸ்டார்லிங்க் இல்லை) 2024 நவம்பரில் ஒரு பெரிய ஓட்டை, சொன்ன ஒரு நாளுக்குள் அடைத்தார்கள். அதே வருஷம் கியா தளத்தில், நம்பர் பிளேட் தெரிந்தால் போதும், லட்சக்கணக்கான வண்டிகளின் கதவைத் திறக்கலாம் என்ற நிலை. ஜூனில் சொன்னது, ஆகஸ்டில்தான் சரியானது.

ஃபோக்ஸ்வாகன் விஷயம் இன்னும் கவனிக்க வேண்டியது. 2024 டிசம்பரில் வெளிவந்தது. 8 லட்சம் மின்சார வண்டிகளின் தகவல் கிளவுடில் திறந்து கிடந்தது, அதில் 4.6 லட்சம் வண்டிக்குத் துல்லியமான இருப்பிடம். ஃபோக்ஸ்வாகன், ஆடி, சியட், ஸ்கோடா நான்குக்கும் கேரியாட் என்ற ஒரே மென்பொருள் நிறுவனம்தான் பின்னால். ஆடியையும் ஸ்கோடாவையும் தனித்தனியாக மதிப்பிட்டு ஒப்பிடுகிற ரிப்போர்ட் யாராவது கொடுத்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பெயர்ப்பலகை வேறு, வீடு ஒன்று.

அம்பத்தூர் பாரி:

கதிர் சார், படிக்கவே பயமாக இருக்கிறது. ஆனால் ஏசி வென்ட் செய்கிற எனக்கு இதில் என்ன நஷ்டம் வரும் என்று புரியவில்லை. கார் ஹேக் ஆனாலும் ஆலை ஓடுமே?

கேன்பஸ் கதிர்:

ஓடும், விற்க முடியாமல் போகாத வரைக்கும். வண்டிகளின் சைபர் பாதுகாப்புக்கான ஐ.நா.வின் ஆர்155 விதி ஐரோப்பாவில் 2022 ஜூலையிலிருந்து புது மாடல்களுக்கும், 2024 ஜூலையிலிருந்து விற்கிற எல்லாப் புது வண்டிக்கும் கட்டாயம். அதற்காகப் பழைய மின்னணு அமைப்பை மாற்றுவது கட்டுப்படியாகாது என்று பெட்ரோல் மக்கானையும் 718 வரிசையையும் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்பதையே போர்ஷே நிறுத்திவிட்டது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த மாடல் அது. அதற்கு மோல்ட் செய்து வைத்திருந்த சப்ளையரை நினைத்துப் பாருங்கள். உங்கள் மெஷின் கேட்கிற மாடல் ஏற்றுமதிக்கா, உள்ளூருக்கா? ஏற்றுமதி என்றால் எத்தனை வருஷத்துப் பழைய பிளாட்ஃபார்ம் என்று கேளுங்கள். இந்தியாவில் இந்த விதி அப்படியே வராது, அதற்கு அடிப்படையான ஐ.நா.வின் 1958 வாகன ஒப்பந்தத்தில் நாம் இல்லை. அதை ஒட்டி ஏஐஎஸ் 189 என்று இந்தியாவுக்குத் தனித் தரநிலை எழுதியிருக்கிறார்கள்.

நிலா:

கதிர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ஆர்155 வண்டிக்கான சான்று. ஆலைக்கு இல்லை. ஐரோப்பாவில் கார் விற்கிற எல்லாருக்கும் அது வேண்டும், ஜேஎல்ஆர் உட்பட. அந்தச் சான்று ஆலையை நிற்காமல் காப்பாற்றவில்லை, அதன் வேலையும் அது இல்லை. யாராவது “எங்கள் சைபர் பாதுகாப்புக்கு இதோ சான்றிதழ்” என்று ஒன்றை நீட்டினால், முதலில் அது எதற்கான சான்றிதழ் என்று படியுங்கள். ஜெர்மன் கஸ்டமர்கள் கேட்கிற டிசாக்ஸ் என்ற தகவல் பாதுகாப்பு மதிப்பீடு சப்ளையர்களுக்கானது. அதில்கூட 2024 ஏப்ரல் பதிப்பிலிருந்துதான் ரகசியம் காப்பது தனி, நிற்காமல் சப்ளை செய்வது தனி என்று லேபிளைப் பிரித்தார்கள்.

திருமுடிவாக்கம் லட்சுமி:

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன், எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன், பாரி சாருக்குப் பயன்படும்.

நாங்கள் ரப்பர் பாகம் செய்கிறோம். ஒரு திங்கட்கிழமை காலை 6 மணிக்கு ஸ்டோர்ஸ் பையன் போன் செய்தான். “மேடம், லேபிள் வரமாட்டேங்குது.” பிரிண்டர் கோளாறு என்று நினைத்தேன். போய்ப் பார்த்தால் சர்வரில் எல்லா ஃபைலும் பெயர் மாறிக் கிடக்கிறது. பேக்கப் எடுக்கிற ஹார்ட் டிஸ்க்கை அதே சர்வரில் செருகியே வைத்திருந்தோம், அதுவும் சேர்ந்து பூட்டிக்கொண்டது.

மெஷின் எல்லாம் நன்றாக இருக்கிறது. கரன்ட் இருக்கிறது, ஆள் இருக்கிறார்கள். சனிக்கிழமை பேக் செய்த 3,200 பீஸ் டிராலியில் தயாராக நிற்கிறது. ஆனால் கஸ்டமர் கேட்டில் பார்கோடு லேபிள் ஸ்கேன் ஆனால்தான் பெட்டியை இறக்க விடுவார்கள். கையால் சலான் எழுதி வண்டியை அனுப்பினேன். கேட்டில் நிறுத்திவிட்டார்கள். டிரைவர் வெயிலில் 5 மணி நேரம் நின்றார். பிற்பகல் 3 மணிக்கு அவர்கள் பிளான்ட் ஹெட் வரைக்கும் பேசி, ஒரு ஆள் வந்து பெட்டி பெட்டியாக எண்ணி இறக்கினார். லைனில் அப்போது 40 நிமிஷத்துக்கான ஸ்டாக்தான் மிச்சம் என்று பிறகு சொன்னார்கள். அன்றைக்கு நான் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

அதற்கு 4 மாதம் முன்புதான் அந்தக் கஸ்டமரின் கேள்வித்தாளை நிரப்பி நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தோம். ஆண்டிவைரஸ் உண்டா, உண்டு. பேக்கப் உண்டா, உண்டு. அந்த டிஸ்க் எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. சர்வர் இல்லாமல் ஒரு லேபிள் அடிக்க முடியுமா என்று யாரும் கேட்கவில்லை. அப்புறம், கையால் எழுதிய சலானை வாங்க அவர்கள் பக்கம் ஏதாவது ஏற்பாடு இருந்ததா என்றால் அதுவும் இல்லை. நீங்கள் கஸ்டமரிடம் கேட்க வேண்டியது இதைத்தான் சார். “உங்கள் சிஸ்டம் இல்லாத நாளில் என் சரக்கை யார், எதை வைத்து வாங்குவார்?”

ஹோசூர் மணி:

லட்சுமி அம்மா, எழுதியதற்கு நன்றி. பலர் இதை வெளியே சொல்வதே இல்லை.

சுந்தர்_78:

நிலா மேடம் சொன்னது இப்போது புரிகிறது. சம்பவ எண்ணிக்கையை வைத்து எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன்.

அம்பத்தூர் பாரி:

எல்லாருக்கும் நன்றி. 10 நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

மதிப்பெண் ரிப்போர்ட் வாங்கவில்லை. இரண்டு கஸ்டமருக்கும் ஒரே மெயில் அனுப்பினோம், 4 கேள்விதான். கடைசியாக பேக்கப்பிலிருந்து சிஸ்டத்தை முழுவதும் மீட்டுப் பார்த்தது எந்தத் தேதி? ஷெட்யூல் சிஸ்டம் நின்றால் எங்களுக்கு அடுத்த நாள் தேவையை யார், எப்படிச் சொல்வார்கள்? எங்கள் பேமென்ட் அதே சிஸ்டத்தில் ஓடுகிறதா? லேபிள் இல்லாத பெட்டியைக் கேட்டில் வாங்க வழி உண்டா?

ஒருவர் இரண்டே நாளில் ஐடி ஆளையே போனில் பேச வைத்தார். மீட்டுப் பார்த்த தேதியைச் சொன்னார், அப்போது எது சரியாக வரவில்லை என்பதையும் மறைக்காமல் சொன்னார். கேட்டில் கைச்சலானுக்கு ஒரு படிவம் இருக்கிறது, அனுப்பி வைத்தார். பேமென்ட் மட்டும் அதே சிஸ்டம்தான், அதை ஒப்புக்கொண்டார். மற்றவர் 9 நாள் கழித்து சான்றிதழ் பிடிஎஃப் ஒன்றை அனுப்பினார். திறந்து பார்த்தேன், ஆர்155.

முதலாமவருக்குக் கொடுக்கலாம் என்று முதலாளி முடிவு செய்துவிட்டார். ஒப்பந்தத்தில் ஒரு வரி கேட்டிருக்கிறோம். அவர்கள் சிஸ்டம் காரணமாக ஷெட்யூல் 7 நாளுக்கு மேல் நின்றால், செய்து முடித்த சரக்குக்கு 15 நாளில் பணம். இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

ஹோசூர் மணி:

நல்லது சார். உங்கள் பக்கம் லேபிள் என்ன ஆச்சு?

அம்பத்தூர் பாரி:

சனிக்கிழமை இரண்டாம் ஷிப்டில் சோதித்தோம். சர்வர் கேபிளைக் கழற்றிவிட்டு, ஒரு பழைய லேப்டாப்பில் எக்செல் வைத்து 40 பெட்டிக்கு அடித்தோம். ஸ்கேன் ஆனது. ஆனால் வரிசை எண் மறுபடி 1இலிருந்து ஆரம்பித்துவிட்டது, கேட்டில் டூப்ளிகேட் என்று காட்டும். கையால் அடிக்கிற லேபிளுக்கு 90,000இலிருந்து தனி எண் வரிசை கேட்டு மெயில் போட்டிருக்கிறேன்.